அம்மா தந்த குளிசை

1987இல் கெல்சென்கிர்ச்சனின் ஷால்கே 04 கழகத்துக்கு ஒரு கோல் காப்பாளர் வந்து சேர்ந்தார். பெயர் ஹரால்ட் ஷூமாக்கர். டோனி என்றால்தான் சனத்துக்குத் தெரியும். 1982, 1986 என இரண்டு உலகக் கிண்ண இறுதியாட்டங்களிலும் மேற்கு ஜேர்மனிக்காகக் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். அவர் ஆசைப்பட்டு இந்த ஊருக்கு வரவில்லை. அந்த வருடம் ‘அன்ஃபிஃப்’ என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஆட்டத்தைத் தொடக்கி வைக்கிற விசிலுக்கு அப்படிப் பெயர். பந்தடிக்காரர் எபெட்ரின் கலந்த இருமல் பாணி குடித்துவிட்டு மைதானத்தில் இறங்குவதையும், ஊக்கமருந்து ஜேர்மன் கால்பந்துக்குப் புதிதல்ல என்பதையும் அதில் போட்டு உடைத்திருந்தார். புத்தகம் வெளிவந்த கையோடு தேசிய அணி அவருக்குக் கதவைச் சாத்தியது. 15 வருடம் ஆடிய கொலோன் கழகமும் வெளியே அனுப்பியது. ஷால்கேயில் ஒரு பருவம் நின்றார். 1988இல் அணி கடைசி இடத்தில் முடிந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அவர் துருக்கிக்குப் போனார்.

இருபது வருடம் கழித்து, 2007இல், ஒரு காலத்தில் ஷால்கேயைப் பயிற்றுவித்த பீட்டர் நொய்ரூரரும் வாய் திறந்தார். முந்தைய காலத்தில் கப்டகொன் என்ற ஊக்கக் குளிசை போட்டுக்கொண்டு ஆடுவது வழக்கமாகவே இருந்தது என்றார்.

இந்தக் கதையில் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த இருமல் பாணிதான். இரகசிய ஊசியுமில்லை, கறுப்புக் கண்ணாடி டொக்டருமில்லை. எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கிற போத்தல். கெல்சென்கிர்ச்சனைச் சுற்றியுள்ள ரூர் பிரதேசத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் கழகங்களில் பந்தடிக்கிறார்கள், ஓடுகிறார்கள், குத்துச்சண்டை பழகுகிறார்கள். ஒன்றிரண்டு பேர் பெரிய கழகங்களின் கண்ணில் படும் தூரத்துக்கு வந்துவிட்டால் வீடே கோயில் திருவிழாபோல ஆகிவிடுகிறது. அம்மா சத்துமா கரைக்கிறார், அப்பா ஊரிலிருந்து லேகியம் எடுப்பிக்கிறார், மாமா ஒருவர் ஜிம்மில் விசாரித்துவிட்டு வருகிறார். எனக்குப் பயம் அங்கேதான். ஏமாற்ற வேண்டுமென்று மருந்தெடுக்கிறவனுக்கு என் அறிவுரை தேவையில்லை. அவனுக்கு அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இது மற்ற வீடுகளுக்கு.

கீழே வருகிற எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு விதிதான் கிடக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருள் உங்கள் உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. யார் தந்தது, ஏன் தந்தது, தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் தண்டனை எத்தனை மாதம் என்று தீர்மானிக்கும்போதுதான் பேச்சுக்கு வரும்.

செய்யக்கூடாதவை

வீட்டு மருந்துப் பெட்டியை நம்பக்கூடாது. 2003 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு அவுஸ்திரேலிய அணியோடு தென்னாபிரிக்கா போன சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்ன், முதல் ஆட்டத்துக்கு முன்னரே வீட்டுக்குத் திரும்ப வேண்டி வந்தது. அவர் எடுத்தது உடம்பில் தேங்கிய நீரை இறக்கும் குளிசை. தந்தது அம்மா. ஒரு வருடத் தடை. நீரை இறக்கும் குளிசை பந்தைச் சுழற்ற உதவாது என்று யாருக்கும் தெரியும். ஆனால் அது சலத்தை நீர்த்துப்போகச் செய்து வேறு மருந்தின் தடயத்தை மறைக்கக் கூடியது. அதனால் தடைப்பட்டியலில் இருக்கிறது. தாயின் அன்பைக் கேள்வி கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் அன்பை அளக்கிற கருவி இல்லை, அவ்வளவுதான்.

இந்தியக் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் கதை இன்னும் சின்னது. 2019 பெப்ரவரியில் இந்தூரில் உள்ளூர் ஆட்டமொன்றில் எடுத்த மாதிரியில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமலுக்குக் குடித்த பாணியில் வந்தது என்றார்; இந்தியக் கிரிக்கெட் சபையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் 8 மாதத் தடை.

இந்த ஊர் அப்போதெக்கையில், அதாவது மருந்துக் கடையில், சீட்டில்லாமலே கிடைக்கும் ஒரு பொதியை எடுத்துப் பாருங்கள். வெறும் ஆஸ்பிரினில் பிரச்சினை இல்லை. பக்கத்துத் தட்டில் அதே பெயரோடு ‘கொம்ப்ளெக்ஸ்’ என்று சேர்த்திருப்பதில் சூடோஎபெட்ரின் இருக்கிறது. மூக்கடைப்பைத் திறந்துவிடும். போட்டி நாளில் சலத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் சோதனையில் பிடிபடும். எபெட்ரினுக்கு எல்லை இன்னும் கீழே, 10 மைக்ரோகிராம். தடிமன் வந்த பிள்ளைக்கு அவசரத்தில் தட்டு மாறிக் கை போனால் போதும். ஊரிலிருந்து வருகிறவர்கள் சூட்கேசில் கொண்டுவரும் இருமல் பாணிகளோ, போத்தலில் எழுத்துப் பொடியாகி, பாதி அழிந்து, என்ன இருக்கிறதென்று கடவுளுக்கே வெளிச்சம் என்ற நிலையில்தான் வந்து சேர்கின்றன.

‘மூலிகைதானே, என்ன செய்யும்’ என்று சொல்லக்கூடாது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். கசாயம் குடித்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் உபுல் தரங்கவைக் கேளுங்கள். 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் இலங்கைக்குத் தொடக்க ஆட்டக்காரர். தோள் நோவுக்கு மூலிகை வைத்தியம் என்று தரப்பட்டதை எடுத்தார். சோதனையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் வந்தது. 3 மாதத் தடை. பச்சிலையில் பிரெட்னிசோலோன் விளைவதில்லை. நோ கெதியாகக் குறைய வேண்டுமென்று சில நாட்டு மருந்துகளில் அலோபதிக் குளிசையை இடித்துக் கலக்கும் பழக்கம் எங்கள் நாடுகளில் புதிதல்ல. வாங்குகிறவர் ‘என்ன கைராசி’ என்று வியந்துகொண்டு வீடு போவார்.

கலப்படமே இல்லாவிட்டாலும் இயற்கை எல்லோரையும் காப்பாற்றாது. ஆயுர்வேதத்தில் சோமலதை என்று சொல்லும் செடியிலேயே எபெட்ரின் இருக்கிறது. 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் பெண்களுக்கான 4×400 மீற்றர் தொடரோட்டத்தில் இந்தியா தங்கம் வென்றதே, நினைவிருக்கிறதா? அடுத்த வருடமே அந்த அணியின் மந்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி உட்படப் பலர் அனபொலிக் ஸ்டீரொய்டில் அகப்பட்டார்கள். சீனாவில் பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் கிழங்கு மருந்தைக் குற்றம் சொன்னார்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகொரொட்னிக் நீக்கப்பட்டார். இந்தியாவில் ஒரு வருடம் என்று தீர்ந்த தண்டனை, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் இரண்டு வருடமாகக் கூடியது. கிழங்கின் மேல் போட்ட பழி மன்றத்தில் எடுபடவில்லை.

சேலைன் ஏற்றக்கூடாது. ஊருக்கு விடுமுறையில் போனால் களைப்பு, தலைச்சுற்று, வெயில் என்று எதற்கும் ‘ஒரு சேலைன் ஏத்தினால் சரி’ என்று கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கோ உண்மையான நோய்க்கோ ஏற்றுவது வேறு. அப்படியில்லாமல் 12 மணித்தியாலத்துக்குள் 100 மில்லிலீற்றருக்கு மேல் நரம்பில் எது ஏறினாலும் விதி மீறல். போத்தலுக்குள் இருப்பது வெறும் தண்ணீரும் விற்றமினும் என்றாலும் அப்படித்தான். பிரான்ஸ் கால்பந்து வீரர் சமீர் நஸ்ரி 2016 டிசம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு தனியார் நிலையத்தில் அரை லீற்றர் ஏற்றிக்கொண்டார். சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. இணையத்தில் வந்த படம் காட்டிக் கொடுத்தது. முதலில் 6 மாதம், மேல்முறையீட்டில் 18 மாதம்.

மெலிவதற்கோ அழகுக்கோ எடுக்கிறது ‘விளையாட்டோடு சம்பந்தமில்லாதது’ என்று நினைக்கக்கூடாது. ஜேர்மன் முதல்தரக் கால்பந்தில் ஊக்கமருந்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் யார் தெரியுமா? பக்கத்து ஊர்க்காரர். பொக்கும் கழகத்தின் ரோலண்ட் வோல்பார்ட். பயேர்ன் மியூனிக்கில் ஆடியபோது இரண்டு தடவை நாட்டின் அதிக கோல் அடித்தவர். 1995இல் எடை குறைக்கப் பசியடக்கும் குளிசை போட்டார். அதற்குள் நோர்எபெட்ரின். இரண்டு மாதத் தடை. பத்து வருடம் கழித்து 1860 மியூனிக்கின் நெமான்யா வுச்சிசெவிச் மயிர் கொட்டுவதற்கு மருந்து எடுத்து மாட்டுப்பட்டார். அதிலிருந்த பினாஸ்டெரைட் 2009இல் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு அதே மருந்தை எடுத்து அதே ஆட்டத்தை ஆடலாம். மனுசனுக்கு அது என்ன ஆறுதல்!

ஜிம்மில் நாலு பேர் சொன்னார்கள் என்று டப்பா வாங்கக்கூடாது. கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரயிலேறினால் வெகுதூரமில்லை, கொலோனில் இருக்கிறது விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் நிறுவனம். உலகின் பேர்பெற்ற ஊக்கமருந்து ஆய்வுகூடங்களில் ஒன்று. 2000, 2001 ஆண்டுகளில் அவர்கள் 13 நாடுகளிலிருந்து 634 சத்துணவுப் பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். 94 டப்பாக்களில் உறையில் எழுதாத ஹோர்மோன் சரக்கு இருந்தது. ஏழில் ஒன்று. கடைக்காரனுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்: ஒரே இயந்திரத்தில் முதல் நாள் ஸ்டீரொய்ட் அரைத்து, கழுவாமல் மறுநாள் விற்றமின் அரைத்தால் வருகிற கதை.

தெரிந்தே விற்கிறவர்களும் இருக்கிறார்கள், எடுத்து அகப்படுகிறவர்களும் குறைவில்லை. 2022இல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125 அகப்பட்டன என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்குச் சொல்கிறது. அதே வருடம் திருச்சியின் ஓட்டக்காரி தனலட்சுமி, 2021இல் டூட்டி சந்தை முந்தி ஓடி எல்லோரையும் எழும்பி நிற்க வைத்த பிள்ளை, பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டிக்குப் போகிற நேரம் ஸ்டீரொய்ட் சோதனையில் அகப்பட்டு நின்றுபோனார். மூன்று வருடத் தடை. தமிழ்நாட்டில் அந்தச் செய்தியை வாசித்தவர்கள் பலருக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

ஜேர்மனியில் இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. 2015 டிசம்பர் 18 முதல் போட்டி வீரர் ஒருவர் தனக்குத்தானே ஊக்கமருந்து ஏற்றுவது கிரிமினல் குற்றம். தடை போடுவது சங்கம். சிறை போடுவது நீதிமன்றம். குத்துச்சண்டை வீரர் பீலிக்ஸ் ஸ்டுர்ம் 2016 பெப்ரவரியில் இங்கே பக்கத்தில் ஓபர்ஹவுசனில் உலகப் பட்டம் வென்றார். அன்றைய மாதிரியில் ஸ்டனொசொலோல் என்ற ஸ்டீரொய்ட். 2020இல் கொலோன் நீதிமன்றம் வரி ஏய்ப்போடு இதையும் சேர்த்து மூன்று வருடச் சிறை விதித்தது.

‘சட்டமே விட்டுவிட்டதே’ என்று கஞ்சா பக்கம் போகக்கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் ஜேர்மனியில் 18 வயது கடந்தவர்கள் அளவோடு வைத்திருக்கலாம். விளையாட்டு விதி அதைக் கண்டுகொள்ளவில்லை. போட்டி நேரத்தில் அது தடை, உடம்பில் அது கன நாள் தங்கும். டோர்ட்முண்ட் கால்பந்து அணியின் இப்ராஹிம் தாங்கோவும் மொன்ஷென்கிளாட்பாக்கின் குயிடோ லான்சாட்டும் 2000ஐ ஒட்டிய வருடங்களில் இதில்தான் அகப்பட்டார்கள். சனிக்கிழமை ஆட்டம், செவ்வாய்க்கிழமைதானே இழுத்தேன் என்ற கணக்கு உதவாது.

போட்டிக்கு முந்தைய நாள்களில் பேக்கரியில் ‘மோன்குக்கன்’ சாப்பிடக்கூடாது. கறுப்பு விதை நிரப்பிய கேக். அந்த விதை அபினிச் செடியின் விதை. கூடுதலாகச் சாப்பிட்டால் சலத்தில் மோர்பின் தெரியலாம். எல்லை ஒரு மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு பெயர்க்குழப்பம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பலூடாவில் மிதக்கிற கசகசா, துளசி இனத்து விதை, அதனால் ஒன்றுமில்லை. இந்திய நண்பர் வீட்டுக் குருமாவில் அரைத்து விட்ட வெள்ளைக் கசகசா, அந்தக் கேக்கின் சொந்தக்காரன்.

சோதனைக்கு அழைத்தால் பிந்தக்கூடாது. 2009 பெப்ரவரியில் ஹொப்பன்ஹைம் அணியின் இரண்டு பேர், அணிக் கூட்டம் முடியட்டும் என்று பத்து நிமிடம் பிந்திப் போனார்கள். வருடக்கணக்கில் தடை வரலாம் என்று பத்திரிகைகள் எழுதுமளவுக்குப் போனது. கழகத்துக்குத் தண்டப்பணம், பிள்ளைகளுக்கு நித்திரையில்லாத பல வாரங்கள். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ரியோ பேர்டினண்ட் 2003இல் சோதனையை ‘மறந்துபோய்’ வீடு போனார். எட்டு மாதம். 2004 ஐரோப்பியக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்.

பிறர் திறந்த போத்தலில் குடிக்கக்கூடாது. நண்பன் என்றாலும்.

செய்ய வேண்டியவை

டொக்டரிடம் போய் உட்கார்ந்ததும் முதல் வசனம், நோவைப் பற்றியதாக இருக்கவேண்டாம். ‘இஷ் பின் லைஸ்டுங்ஸ்ஸ்போர்ட்லர்’, நான் போட்டி விளையாட்டுக்காரன் என்று சொல்லுங்கள். குடும்ப டொக்டர் தமிழர் என்றால் இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். சின்னனிலிருந்து தெரிந்த பிள்ளை என்ற உரிமையில் கேட்காமலே எழுதிவிடுவார். அவரில் பிழையில்லை. தடைப்பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிற குடும்ப டொக்டர் அரிது. பொன் நகரிலுள்ள நாடா, அதாவது ஜேர்மன் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம், ‘நாடாமெட்’ என்ற தேடு வசதியை வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் விளையாட்டில் ஆகுமா ஆகாதா என்று சொல்லும். டொக்டரின் மேசையிலிருந்தே தேடுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. ஊரில் வாங்கிய மருந்துக்கு அதில் பதில் கிடைக்காது. உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயரைத்தான் தேட வேண்டும். அதைப் போத்தலில் வாசிக்க முடியவில்லையென்றால் குப்பையில் போடுங்கள்.

இழுப்பு உள்ள பிள்ளைகள் பம்ப் பாவிப்பதற்குப் பயப்பட வேண்டாம். சல்பியூட்டமோல் பம்ப் 24 மணித்தியாலத்தில் 1,600 மைக்ரோகிராம் வரையும், எந்த எட்டு மணித்தியாலத்திலும் 600ஐத் தாண்டாமலும் எடுக்கலாம். அதே நோய்க்குத் தருகிற டெர்பியூட்டலின் அப்படியல்ல, முன்னனுமதி வேண்டும். பிருத்வி ஷாவின் பாணியில் இருந்தது அதுதான். இன்சுலின் போடுகிற பிள்ளைக்கும், கவனக்குறைவுக்கு மெதில்பெனிடேட் எடுக்கிற பிள்ளைக்கும் ‘சிகிச்சை விதிவிலக்கு’ என்று ஒரு படிவம் இருக்கிறது. மூட்டுக்குள் போடுகிற கோர்டிசோன் ஊசியும் 2022 முதல் போட்டிக்காலத்தில் தடைதான். முழங்கால் நோவுக்கு ஊசி போடச் சொன்னால் முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள். நோயோடு விளையாட விதி தடுக்கவில்லை. சொல்லாமல் விளையாடுவதைத்தான் தடுக்கிறது. பலர் கடிதப் போக்குவரத்துக்குப் பஞ்சிப்பட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இழுப்பு வந்த பிள்ளை மைதானத்தில் விழுந்தால் எந்தப் படிவமும் உதவாது.

ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் புதுப் பட்டியலைப் பாருங்கள். பொங்கலுக்கு வீடு வெளுக்கும்போது மருந்துப் பெட்டியையும் வெளுங்கள். டெனிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா பத்து வருடமாக எடுத்த மெல்டோனியம் என்ற மருந்து 2016 ஜனவரி 1இல் பட்டியலில் ஏறியது. அந்த மாதமே அவுஸ்திரேலியப் போட்டியில் சோதனை. அறிவித்தல் மின்னஞ்சலில் வந்திருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. 15 மாதம். அண்மையில் அப்படி ஏறியது டிரமடோல் என்ற நோ மருந்து, 2024 ஜனவரியிலிருந்து போட்டிக்காலத்துக்குத் தடை. பல்லுப் பிடுங்கியபோதோ முதுகு நோவுக்கோ தந்த மிச்சம் பல வீடுகளில் இன்னும் கிடக்கும். போட்டிக்காலம் என்றால் ஆட்டம் தொடங்கும் நேரமில்லை, முதல் நாள் இரவு 11.59.

சத்துமா, புரோட்டீன் பவுடர் எதுவும் இல்லாமல் முடியாது என்று நினைத்தால், முதலில் அது உண்மையா என்று ஒரு போசாக்கு நிபுணரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை. பருப்பு, மீன், முட்டை, தயிர் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு டப்பா எதற்கு? கட்டாயம் என்றால் ‘கொல்னர் லிஸ்டெ’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் சோதித்த பொருள்களைத் தொகுதி எண்ணோடு போடுகிறார்கள். நூறு வீத உத்தரவாதம் என்று அவர்களே சொல்வதில்லை. வாங்கிய டப்பாவின் தொகுதி எண்ணைப் படமெடுத்து வையுங்கள், பற்றுச்சீட்டை எறியாதீர்கள், அடியில் இரண்டு கரண்டி மிச்சம் விட்டு வையுங்கள். நாளைக்கு ‘இதிலிருந்துதான் வந்தது’ என்று நிரூபிக்க வேண்டி வந்தால் காலி டப்பாவைக் காட்டி ஒன்றும் நடக்காது.

சீனா, மெக்சிகோ போனால் இறைச்சியில் கவனமாக இருங்கள். மேசைப்பந்து வீரர் டிமிட்ரி ஒவ்சாரொவ் 2010இல் சீனாவில் ஆடிவிட்டு வந்தபின் கிளென்பியூட்டரோலில் அகப்பட்டார். கால்நடைகளைக் கொழுப்பில்லாமல் வளர்க்க அங்கே கொடுத்த மருந்து தட்டு வழியாக வந்தது. தலைமயிரைச் சோதித்துத்தான் தப்பினார். மரக்கறிக்காரருக்கு இந்த ஒரு விசயத்தில் நிம்மதி.

சோதனை அறையில் என்ன நடக்கும் என்று முதலே தெரிந்து வையுங்கள். ஷால்கே அரங்கில் ஆடுகளத்துக்கு வருகிற பாதையை நிலக்கரிச் சுரங்கம்போலக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊர் சுரங்கத் தொழிலாளர் ஊர் என்பதற்காக. ஆட்டம் முடிந்து அப்படியான ஒரு வாசலில் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி நிற்பார். அந்த நொடியிலிருந்து அவர் கண்ணிலிருந்து மறையாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் பெரியவர் ஒருவரைக் கூட வைத்திருக்கலாம், அது உரிமை, கேட்டு வாங்குங்கள். சாடியையும் போத்தல் பெட்டியையும் நீங்களே தெரியுங்கள். முத்திரை உடைந்திருந்தால் வேறு கேளுங்கள். குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். ஆள் பார்த்துக்கொண்டு நிற்க, அதுவும் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு, வராது. பலருக்கு மணித்தியாலக் கணக்கில் வராது. அதற்காகத் தண்ணீரை லீற்றர் லீற்றராக விழுங்காதீர்கள். நீர்த்த சலத்தை ஏற்கமாட்டார்கள், மறுபடி காத்திருக்க வேண்டும். பழைய காலத்து ஆட்டக்காரர் அந்த அறையில் பியர் குடித்துக்கொண்டு காத்திருந்த கதைகள் ஜேர்மனியில் ஏராளம். அரங்குக்குள் ஐந்து கிலோமீற்றருக்குப் பியர்க் குழாய் ஓடுகிற ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நீங்கள் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தலோடு நில்லுங்கள்.

ஏ போத்தலிலும் மறுசோதனைக்கான பீ போத்தலிலும் நீங்களே ஊற்றி, நீங்களே திருகி, தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த எல்லாவற்றையும் எழுதுங்கள்: பனடோல், இருமல் இனிப்பு, கசாயம், ஊர் எண்ணெய். எழுதினால் சந்தேகப்படுவார்களோ என்று ஒளிக்கிறார்கள். மாறாக, எழுதாமல் விட்டதுதான் பின்னால் குத்தும். ஏதாவது முறைகேடாகப் பட்டால் கையெழுத்துக்கு முன்னால் அதையும் அதே தாளில் எழுதுங்கள், ஜேர்மன் மொழி சரளமில்லையென்றால் தெரிந்த மொழியில். மாதிரியைப் பத்து வருடம் வரை வைத்திருந்து புதிய முறையில் மறுபடி சோதிக்கலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

தேத்தண்ணி குடிக்கலாம், கோப்பியும் குடிக்கலாம். கபீன் 2004இலேயே பட்டியலிலிருந்து போய்விட்டது.

வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். இது பிள்ளை செய்ய வேண்டிய வேலை. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனால் பத்து மாமிமார் பத்து மருந்து சொல்வார்கள். மறுத்தால் கோபிப்பார்கள். ‘மாமி, எனக்கு இருமல் வந்தாலும் கழக டொக்டரிட்டைக் கேட்டுத்தான் குடிக்கவேணும்’ என்று சிரித்துக்கொண்டு சொல்லப் பழகுங்கள். கோபம் அடுத்த தேருக்குள் ஆறிவிடும்.

கழகத்தில் யாராவது ‘இதைக் குடி, கேள்வி கேட்காதே’ என்றால் கேள்வி கேளுங்கள், பெயரைக் கேளுங்கள், வீட்டில் சொல்லுங்கள். டோனி ஷூமாக்கர் சொன்னதற்கு விலை கொடுத்தார். அன்றைக்குச் சொல்வதற்கு அவருக்குப் புத்தகம் மட்டும்தான் இருந்தது. இன்றைக்குப் பெயர் வெளிவராமல் முறையிட நாடாவிலேயே வழியிருக்கிறது.

கடைசியாக, சோதனையில் அகப்பட்டீர்கள் என்ற அந்தக் கடிதம் வந்தால். கை நடுங்கும், நடுங்கட்டும். வட்ஸ்அப் குழுவில் எதுவும் எழுதாதீர்கள். ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்று உடனே அறிக்கை விடாதீர்கள். பிறகு தெரியவருகிறவை அந்த வசனத்தோடு மோதும். விளையாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பிடியுங்கள், பீ போத்தலைத் திறக்கக் கேட்கும் தவணையைத் தவற விடாதீர்கள், ஆய்வுகூடத்தின் முழு ஆவணக் கோப்பையும் கேளுங்கள். பீ போத்தல் எல்லோரையும் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். ஹம்பேர்க் கழகத்தின் மாரியோ வுஷ்கொவிச்சுக்கு 2022இல் எடுத்த மாதிரியில் இரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஈபிஓ என்றார்கள். பீ போத்தலும் அதையே சொன்னது. தான் எடுக்கவில்லை என்று அவர் இன்றுவரை சொல்கிறார். நிபுணர்கள் இரு பக்கமும் நின்று வாதாடினார்கள். ஜேர்மன் கால்பந்துச் சங்கம் இரண்டு வருடம் கொடுத்தது. 2024இல் விளையாட்டு நடுவர் மன்றம் அதை நான்காக்கியது.

இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவுக்கு வேறு மாதிரி நடந்தது. 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். கட்டார் ஆய்வுகூடம் அவர் சலத்தில் ஸ்டீரொய்ட் கண்டதாகச் சொல்லியிருந்தது. இலங்கைக் கிரிக்கெட் சபை வழக்கறிஞர்களையும் விஞ்ஞானிகளையும் பிடித்து, அளந்த முறையையே கேள்வி கேட்டது. 2016 மே மாதம் ஆய்வுகூடம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது, சர்வதேசக் கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. இடையில் போன இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. ஆனால் அந்த மாதமே அவர் இங்கிலாந்துக்கு விமானம் ஏறி அணியோடு சேர்ந்துகொண்டார்.